கம்மலைக் கழற்றினால்தான் ஞானஸ்நானமா?

காட்பாடிக்காரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பிறந்தது குடியாத்தம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கட்டிக்கொடுத்தது காட்பாடியில், தனிச் சபைக்குப் போகிற வீடு. எந்தச் சபை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பெரியவள் பத்தாவது எழுதி முடித்திருக்கிறாள். யாரும் தூண்டாமல் அவளாகவே ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றாள். வீடே சந்தோஷப்பட்டது. பாஸ்டர் வந்தார், ஜெபித்தார், காபி குடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைக்குள்ள காதுல இருக்கிறதைக் கழட்டிடணும்மா" என்றார். "அப்போ இப்ப நான் விசுவாசி இல்லையா பாஸ்டர்?" என்று இவள் கேட்டாள். "அது வேற, இது வேறம்மா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எது வேறு என்று இவள் இப்போது என்னைக் கேட்கிறாள். காதில் கிடப்பது அரைச் சவரன்கூட இல்லை, அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, போட்டது. என் மாமியாரிடம் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "கிருபையால இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதே மாமியார்தான் "கம்மலோட தண்ணியில இறங்கினா அது முழுக்கு இல்ல, குளியல்" என்கிறார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை.

கிருபையால் தேவனுடைய பிள்ளைகளானோம் என்று வாராவாரம் கேட்கிறோம். அதற்கு மேலே இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? வசனத்தோடு சொல்லுங்கள். மாமியாரோடு சண்டை இல்லாமல் பேச வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எஸ்றா710

சகோதரி, வசனம் தெளிவாக இருக்கிறது. 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3. மயிரைப் பின்னுதல், பொன், விலையேறப்பெற்ற வஸ்திரம் இதெல்லாம் அலங்காரம் ஆகக்கூடாது என்று இரண்டு அப்போஸ்தலர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பாஸ்டர் கைச்சரக்கு எதையும் சேர்க்கவில்லை. பிரிக்கப்பட்ட ஜனம் என்று பார்த்தவுடன் தெரியவேண்டாமா? கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பட்டாளத்தில் சேர்ந்தவன் யூனிஃபார்ம் போடமாட்டேன் என்று சொல்ல முடியுமா? கிருபை கிருபை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் சபைக்கும் சந்தைக்கும் என்ன வித்தியாசம்?

கோட்டைமதில்

பின்னலும் அதே வசனத்தில்தான் இருக்கிறது பிரதர். உங்கள் சபையில் சகோதரிகள் எல்லாரும் தலைவிரித்துக்கொண்டா வருகிறார்கள்?

அப்புறம் காட்பாடி அக்கா, பாஸ்டர் கையில் கட்டியிருக்கிற வாட்ச் என்ன நிறம் என்று அடுத்த முறை பார்த்துச் சொல்லுங்கள்.

நெறியாளர்

கோட்டைமதில், ஊழியக்காரர்களைச் சீண்டுகிற வரி இன்னொரு முறை வந்தால் நீக்கிவிடுவேன். பின்னல் பற்றிய கேள்வி இருக்கட்டும், அது நியாயமான கேள்வி.

ஆம்பூர்_லூத்தரன்

கோட்டைமதில் கிண்டலாகக் கேட்டதை நான் நிதானமாகக் கேட்கிறேன். பேதுருவின் வசனத்தை அடுத்த வரியோடு சேர்த்து வாசியுங்கள். சாந்தமும் அமைதலுமுள்ள ஆவிதான் உன் அலங்காரமாக இருக்கட்டும் என்று முடிக்கிறார். எது உன் அழகு என்பதுதான் அங்கே பேச்சு. தடைப் பட்டியல் போடத்தான் எழுதினார் என்றால் பொன்னோடு பின்னலும் போகவேண்டும், உயர்ந்த வஸ்திரமும் போகவேண்டும். கல்யாண வீட்டுக்கு ஆரணிப் பட்டு கட்டி வருகிற எந்த அக்காவையும் எந்தச் சபையும் வாசலில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் சட்டமாக எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிட்டோம். யார் தேர்ந்தெடுத்தது?

சரி, அதைவிட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பவுலோடு இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். ஒருவன் தீமோத்தேயு. அவனுக்குப் பவுல் விருத்தசேதனம், அதாவது நுனித்தோலை நீக்குகிற யூதச் சடங்கு, செய்வித்தார், அப்போஸ்தலர் 16:3. அந்த ஊர்களில் இருந்த யூதர்களுக்காக, அவர்கள் நடுவில் போய்வரத் தடை இருக்கக்கூடாது என்று. இன்னொருவன் தீத்து, கிரேக்கன். அவனுக்கும் விருத்தசேதனம் வேண்டும் என்று சிலர் வந்து நின்றபோது அதே பவுல் "ஒருநாழிகையாகிலும்" இணங்கவில்லை என்று கலாத்தியர் 2-ல் எழுதுகிறார். கத்தி ஒன்று, சடங்கு ஒன்று, ஆள் மட்டும் வேறு. தீமோத்தேயு விஷயத்தில் யாரும் நிபந்தனை போடவில்லை. தீத்து விஷயத்தில் இது இல்லாவிட்டால் நீ எங்களில் ஒருவன் அல்ல என்று சொன்னார்கள். நிபந்தனை என்று வந்தவுடன் பவுல் சண்டைக்கு நின்றுவிட்டார்.

அதனால் உங்கள் மகள் நாளைக்கே தானாகக் கம்மலைக் கழற்றி வைத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். கழற்றினால்தான் தண்ணீரில் இறக்குவேன் என்பதைத்தான் ஏற்கமுடியாது.

எஸ்றா அண்ணன் பட்டாளம் என்றார். நல்ல உதாரணம்தான். என் தாய்மாமாவும் பட்டாளத்தார். ஆளை முதலில் சேர்த்துக்கொண்டார்கள், யூனிஃபார்ம் பிறகு அவர்கள்தான் கொடுத்தார்கள். வீட்டிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தால்தான் சேர்ப்போம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒடுகத்தூர்_அக்கா

தம்பிகளா, வசனம் எல்லாம் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். கம்மல் போடாதவள் ஒருத்தி பேசட்டும்.

எங்கள் ஊரில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் பாதிப் பொம்பளைகளின் கம்மல் சேட்டு கடைக்குப் போய்விடும். காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொள்வோம். சிலர் துடைப்பக் குச்சி. அந்தக் குச்சியோடு கோயிலுக்குப் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு கடைசியில், தூண் மறைவில் உட்காருவேன். முன் வரிசையில் அட்டிகையும் ஜிமிக்கியுமாகத் தலைகள் ஆடும். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசினதில்லை. ஆனாலும் கூசும்.

பிறகு நான் போன பெந்தெகொஸ்தே சபையில் ஒருத்தி காதிலும் ஒன்றும் இல்லை. ஆபீசரம்மா பாயில் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாரும் வெள்ளைப் புடவை. யார் கம்மல் அடகில் இருக்கிறது, யார் கம்மலே வாங்கினதில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் காதில் இருந்த குச்சியை எடுத்துப் போட்டேன். என்னிடம் யாரும் நகையைக் கழற்றச் சொல்லவில்லை. நகை ஏற்கெனவே சேட்டு கடையில்தான் இருந்தது!

இது உங்களுக்குச் சட்டமாகத் தெரியலாம். எனக்கு அது இளைப்பாறுதல்.

காட்பாடிக்காரி

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. என் மாமியாரும் இப்படி ஏதோ ஒன்றில்தான் ஆரம்பித்திருப்பார் என்று தோன்றுகிறது. கேட்கவேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். தாலிச் சங்கிலி போட்டிருக்கிறேன் என்று எனக்கும் திருவிருந்து, அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துக் கொடுக்கிற அப்பமும் ரசமும், கிடையாது. தட்டு வரும், என் பக்கத்தில் இருக்கிறவரோடு நின்று அடுத்த வரிசைக்குப் போய்விடும். சின்னவள் ஒருமுறை "அம்மா, உன்னை மறந்துட்டாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். "அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவன்", தகுதியில்லாமல் சாப்பிட்டுக் குடிக்கிறவன், என்ற வசனத்தைத்தான் காட்டுகிறார்கள்.

சேகரக்_கமிட்டி

பெந்தெகொஸ்தேகாரர்களை மட்டும் கூண்டில் ஏற்றவேண்டாம். நான் சி.எஸ்.ஐ., வேலூர்ப் பேராயத்தில் ஒரு சேகரத்தில் (ஒரே ஆயரின் கீழ் வருகிற சபைகள்) கமிட்டியில் இருந்தவன். கம்மலைப் பற்றி நாங்கள் வாய் திறக்கமாட்டோம், உண்மை. ஆனால் சபைச் சந்தா பாக்கி இருந்தால் கல்யாண ஓலை, அதாவது ஆலயத்தில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு, வாசிக்க இழுத்தடிப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு ரசீது புத்தகம் தேடின கதை எத்தனையோ ஊரில் உண்டு. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து நோன்பு நாட்களில் கறி சாப்பிட்டாயா என்று ஒருவர் இலையை ஒருவர் எட்டிப்பார்ப்பதும் உண்டு. "பரம்பரைக் கிறிஸ்தவன்" என்ற ஒரு வார்த்தை வேறு வைத்திருக்கிறோம். கிருபைக்குப் பரம்பரை ஏது? தாத்தா மிஷனரி பங்களாவில் வேலை பார்த்தார் என்பது எனக்கு எந்த விதத்தில் தகுதி?

காட்பாடிச் சகோதரி, தட்டு உங்களைத் தாண்டிப் போனதாக எழுதியிருந்தீர்கள். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆம்பூர்_லூத்தரன்

"அபாத்திரமாய்" வசனத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. 1 கொரிந்தியர் 11:27-ஐ மட்டும் பிய்த்து எடுத்து வைத்துக்கொண்டு நூறு வருஷமாக ஜனங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நாலைந்து வசனம் மேலே போங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாக இருந்தான், ஒருவன் குடிவெறியாக இருந்தான். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கேட்கிறார். அபாத்திரம் என்று அவர் சொன்னது இதைத்தான். ஒரே பந்தியில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவனை ஒதுக்கியது. சரீரம் இன்னதென்று நிதானித்து அறியவில்லை என்கிறாரே, அந்தச் சரீரத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தவனும் சேர்த்திதான்.

அப்படிப் பார்த்தால் ஒடுகத்தூர் அக்காவைத் தூண் மறைவுக்குத் தள்ளிய நகையும் இந்த வசனத்துக்குள் வருகிறது. சங்கிலிக்காக ஒரு பெண்ணைத் தாண்டிப் போன தட்டும் வருகிறது.

எஸ்றா710

திருவிருந்து விஷயத்தை யோசிக்கிறேன். அவசரமாகப் பதில் சொல்லவில்லை.

ஆனால் நான் எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று சொல்லவேண்டும். வாலிபர்கள் நடுவில் வேலை செய்கிறவன் நான். இப்போது யூடியூபில் ஒரு உபதேசம் ஓடுகிறது, ஹைப்பர் கிரேஸ் என்கிறார்கள். நீ செய்த பாவம், செய்கிற பாவம், செய்யப்போகிற பாவம் எல்லாம் மன்னித்தாயிற்று, இனி மனம்வருந்தி அறிக்கையிட வேண்டியதே இல்லை என்கிறார்கள். காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற பையனுக்கு இது எப்படிக் காதில் விழும்? ஒரு பையன் என்னிடமே, "அண்ணா, நான் கிருபையின் கீழ இருக்கேன், நீங்க நியாயப்பிரமாணத்துல இருக்கீங்க" என்றான். நியாயப்பிரமாணம் என்றால் மோசே கொடுத்த சட்டம். அவன் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடியதைப் பற்றித்தான் பேச்சு. ரோமர் 6:1-ல் பவுலே கேட்கிறார், "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே."

தீத்துவைப் பற்றிப் பேசினீர்கள். அந்தத் தீத்துவுக்கே எழுதின நிருபத்தில் 2:11, 12 பாருங்கள். தேவகிருபை பிரசன்னமாகி, அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுக்கவேண்டும் என்று நமக்குப் போதிக்கிறது. கிருபை பாடம் நடத்துகிறது தம்பி. நடத்தாத கிருபை எனக்கு வேண்டாம்.

வாணியம்பாடி_பழையவன்

எஸ்றா அண்ணன் பக்கம் நான் கொஞ்சம் நிற்கிறேன். என்னைக் குடியிலிருந்து கர்த்தர் எடுத்தார். அதன்பிறகு என் போதகர் எனக்குச் சட்டம்தான் போட்டார். சம்பளக் கவர் பிரிக்காமல் வீட்டுக்காரி கையில் போகவேண்டும். வேலை விட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரக்கூடாது, ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். தீபாவளி அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. இதெல்லாம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு உயிரோடு இல்லை.

ஆனால் இதே பட்டியலை என் தம்பிக்கு மாட்டினால் சிரிப்பான். அவன் பிறந்ததிலிருந்து குடித்ததே கிடையாது. போதகரும் அவனுக்கு மாட்டவில்லை. சபையில் எல்லாரும் ரயில்வே கேட் வழியாகத்தான் போகவேண்டும் என்று அவர் அறிவித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

கோட்டைமதில்

ரயில்வே கேட் திருச்சபை. நான் சேருகிறேன்.

வூரீஸ்_பழைய_மாணவன்

ஆம்பூரும் வேலூரும் பக்கம் பக்கம்தான், ஆனால் நம் இரண்டு ஊருக்கும் சுவிசேஷம் இரண்டு வேறு வழியாக வந்தது. இந்த இழையில் அது தேவைப்படும் என்று எழுதுகிறேன்.

ஆம்பூருக்கு வந்தது அமெரிக்க மிசௌரி சினாட் லூத்தரன் மிஷன். இன்றைய ஐ.இ.எல்.சி. (இந்திய இவாஞ்சலிக்கல் லூத்தரன்) சபைகள், பெதஸ்தா ஆஸ்பத்திரி எல்லாம் அந்த வழி. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் வந்தது ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன். அது டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் வைத்த சீர்திருத்தச் சபையினுடையது. 1947-ல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தது.

ஞானோபதேசம் என்றால் விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்றுக்கொடுக்கிற புத்தகம். லூத்தரின் 1529-ஆம் வருஷத்துச் சிறிய ஞானோபதேசத்தில் முதலில் வருவது பத்துக் கற்பனை, அதாவது பத்துக் கட்டளை. அதைப் படித்தால் நீ தோற்றுப்போனவன் என்று தெரியும், பிறகு விசுவாசப்பிரமாணம் வரும், அங்கே கிறிஸ்துவிடம் ஓடுவாய். சீர்திருத்தச் சபையின் ஹைடல்பர்க் ஞானோபதேசம் 1563-ல் வந்தது. அதில் மூன்று பகுதி: மனிதனுடைய கேடு, மீட்பு, நன்றியறிதல். பத்துக் கற்பனைகளின் விளக்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்றாவது பகுதியில், நன்றியறிதலில். மீட்கப்பட்டவன் என்ன செய்து நன்றி சொல்லுவான் என்ற இடத்தில்.

யாத்திராகமம் 20-ம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கற்பனைகளுக்கே வருகிறார். எகிப்தில் இருக்கும்போதே பத்தையும் கைக்கொண்டு காட்டு, பிறகு கடலைப் பிளக்கிறேன் என்று சொல்லவில்லை.

அந்த ஹைடல்பர்க் ஏட்டில் முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உனக்கு ஒரே ஆறுதல் என்ன என்பது. நான் என்னுடையவன் அல்ல, சரீரமும் ஆத்துமாவும் என் இரட்சகர் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று பதில். "அப்போ இப்ப நான் விசுவாசி இல்லையா" என்று காட்பாடிப் பெண் கேட்டாளே, அவளுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். எஸ்றா அண்ணன் சொன்ன ஹாஸ்டல் பையனுக்கும் இதே பதில்தான். நீ உன்னுடையவன் அல்ல என்றால் இன்னொருத்தி வாழ்க்கையில் விளையாட உனக்கு ஏது உரிமை?

பேரணாம்பட்டு_இரண்டுபெயர்

அடையாளம் என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள், என் கதையையும் கேளுங்கள். சபைப் பதிவேட்டில் எனக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு பெயர். வடாற்காட்டில் என்னைப் போல எத்தனை குடும்பம் என்று உங்களுக்கே தெரியும். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி இந்துக்களுக்கு மட்டும்தான். 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் நாங்கள் கிறிஸ்தவர் என்று எழுதினால் பி.சி. பட்டியல். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்க்கொண்டே எஸ்.சி. சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பை ஏமாற்றுகிற வேலை என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பிரசங்க மேடையில் வாசித்து, "இரட்டை வாழ்க்கை வாழுகிறவர்களே" என்று எங்கள் பக்கம் பார்த்து ஒருவர் கத்தினார்.

சரி, கத்தட்டும். அதே மேடையில் யாராவது மணமகன் தேவை விளம்பரங்களை வாசிப்பார்களா? கிறிஸ்தவப் பத்திரிகை எதையாவது திறந்து பாருங்கள். "மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற" என்று ஆரம்பித்து சாதியில் போய் முடியும். ஊர் என்னைச் சாதி சொல்லி ஒதுக்குகிறது, அரசாங்கம் மதம் சொல்லிச் சலுகையை எடுக்கிறது, சபை இரண்டையும் சொல்கிறது. கலாத்தியர் 3:28-ஐ மட்டும் சுவரில் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தியோகியாவில் பேதுரு என்ன தப்பு செய்தார்? பன்றிக்கறி சாப்பிட்டாரா? யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் இருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் "விலகிப் பிரிந்தார்". எழுந்து போனார், அவ்வளவுதான். அதற்குத்தான் பவுல் முகத்துக்கு முன்பாக எதிர்த்தார். கிருபை, நியாயப்பிரமாணம் என்று நீங்கள் எல்லாரும் எடுத்துப் பேசுகிற கலாத்தியர் 2-ன் பின்பாதி அந்தச் சாப்பாட்டுச் சண்டையிலிருந்து வந்ததுதான். காதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற சபை, யார் யாரோடு சம்பந்தம் பண்ணுகிறார்கள் என்று பார்க்கட்டும். அப்போது நான் அந்தச் சட்டத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

நெறியாளர்

சான்றிதழ் விஷயத்துக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, சட்ட ஆலோசனைகளை அங்கே கொண்டுபோங்கள். பந்தியைப் பற்றி எழுதியது இங்கேயே இருக்கட்டும்.

கரிகிரி_ஓய்வு

நான் அதிகம் எழுதுகிறவன் அல்ல. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த இடம் 1955-ல் ஆரம்பித்தது. அதற்கு முன்பே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி ஆபரேஷன் செய்ய ஆரம்பித்துவிட்டார். சதை அழுகி விரல் விழுவதில்லை, உணர்ச்சி செத்துப்போனதால் காயம் தெரியாமல் விரல் போகிறது என்று எடுத்துக்காட்டியவரும் அவர்தான்.

லேவியராகமம் 13-ல் குஷ்டரோகி பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்கவேண்டும். மாற்கு 1-ல் ஒருவன் வருகிறான். இயேசு கையை நீட்டி அவனைத் தொட்டார், பிறகுதான் சுத்தமாகு என்றார். இதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் முதல் முறையாக ஒரு அம்மாவின் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்தபோது அந்த அம்மா பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "தொடாதீங்க சார், தொடாதீங்க" என்றார். என் கையைத் தட்டிவிட அவருக்கு விரல் இல்லை. முழங்கையால் தள்ளினார். வீட்டை விட்டு வந்தபிறகு அவரை யாரும் தொட்டதில்லையாம். அன்றைக்கு வேலையே நடக்கவில்லை. வெந்நீரில் கால் ஊறவைத்து, எண்ணெய் தடவி, அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எங்களிடமும் சட்டம் உண்டு, ரொம்பக் கண்டிப்பான சட்டம். தினமும் சாயங்காலம் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முள், கொப்புளம், சிவப்பு இருந்தால் அடுத்த நாள் நடக்கக்கூடாது. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது. சிலர் மறந்துபோவார்கள், காயத்தோடு திரும்பி வருவார்கள். திட்டுவோம், நன்றாகவே திட்டுவோம். கட்டுப் போட்டு மறுபடியும் அதே கட்டிலில்தான் படுக்க வைப்போம்.

ஒடுகத்தூர்_அக்கா

அண்ணா, நல்லா இருங்க.

திருப்பத்தூர்_சந்தை

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி. 1921-ல் இங்கே இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பித்தார்கள், ஜேசுதாசன் என்ற தமிழரும் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும். கதர் உடை, கல்யாணம் கிடையாது, எளிய சாப்பாடு, கோபுரம் வைத்து நம்ம கோயில் பாணியில் கட்டின ஆலயம். அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளுக்கு முன்னால் கம்மல் எல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த விதிகளை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். வைத்தியத்துக்கு வந்த ஜனங்களுக்குக் கதர் கட்டிக்கொண்டு வந்தால்தான் மருந்து என்று சொல்லவில்லை. இந்த இழையில் தீமோத்தேயு, தீத்து என்று படித்தபோது அவர்கள் ஞாபகம் வந்தது.

காட்பாடிக்காரி

எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் விஷயம் நடந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஒடுகத்தூர் அக்கா எழுதினதை மாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர், வேப்பங்குச்சி இடத்தில் கீரை ஆய்கிறதை நிறுத்திவிட்டார். அப்புறம் தான் பேசினார். அவர் ஞானஸ்நானம் எடுத்தபோது காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிச் சபைக் கட்டடத்துக்குக் கொடுத்தாராம். மாமனார் அப்போது விசுவாசி இல்லை. அடித்திருக்கிறார். அடியை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வெறும் காதோடு போய் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. "அப்போ நான் கொடுத்தது வீணா? இவ கம்மலோட முழுகிட்டு வந்து என் பக்கத்துல நிப்பாளா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகள்தான், "ஆயா, நீ யாரும் கேட்காம குடுத்த. என்கிட்ட கேக்கறாங்க" என்றாள். இங்கே நடந்த தீத்து விவாதம் எதையும் அவள் படிக்கவில்லை. மாமியார் பதில் சொல்லாமல் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி என்னிடம் வந்து, "பாஸ்டர்கிட்ட நான் பேசறேன், நீ வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு" என்றார். என் சங்கிலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அதற்கு இன்னும் காலம் ஆகும்போல. பாஸ்டர் இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். கம்மல் காதில்தான் இருக்கிறது.

எஸ்றா710

சகோதரி, நகை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. என் பெண்ணுக்கு நான் போட்டதில்லை, இனியும் போடமாட்டேன். ஆனால் கலாத்தியர் 2-ஐயும் 1 கொரிந்தியர் 11-ஐயும் மறுபடி உட்கார்ந்து வாசித்தேன். உங்களுக்குத் திருவிருந்தை நிறுத்தினது சரியில்லை. எங்கள் சபை மூப்பர் கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொண்டு போகிறேன். எங்களிடமும் அப்படி இரண்டு பேர் கடைசி வரிசையில் இருக்கிறார்கள்.

சேகரக்_கமிட்டி

போகும்போது சந்தா ரசீது கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் எஸ்றா. எங்கள் பக்கம் பேச ஆள் இல்லை.

ஒடுகத்தூர்_அக்கா

காட்பாடிம்மா, எந்த ஞாயிறு என்று முடிவானால் போடு. காலை முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். உன் மாமியாரை நான் பார்க்கவேண்டும். ஞானஸ்நானம் ஆற்றிலா, தொட்டியிலா?

காட்பாடிக்காரி

பாலாற்றில் தண்ணீர் எங்கே அக்கா இருக்கிறது, தொட்டிதான். வாங்க, சாப்பாடு நம்ம வீட்டில்.